நாற்பத்தொன்று

டூசானில் ஜூன் மாதம்
நிழலுக்கே வியர்க்கும்.

கெரிட்டின் கார் எழுபத்தொன்பதில் ஜெர்மனியில் பிறந்தது.
பின்னால் எஞ்சின், முன்னால் டிக்கி,
நடுவில் நாங்கள் இருவர்.
ஏ.சி. என்று ஒரு திருகு இருந்தது.
வெயிலைக் காதால் மட்டும் கேட்டவர்கள்
வரைந்து வைத்த ஏ.சி.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அந்தப் பொரியும்
எங்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் தீர்ந்தது.

நான் சூப்பர் மார்க்கெட்டுகளின்
குளிர்பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள்.
ஊரின் பாலும் இறாலும் கெடாமலிருப்பது என் கைங்கரியம்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
என் முதுகு தோல் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரிஜினல், ஒரிஜினல் என்பான்.
மாற்றாத ஒவ்வொரு திருகாணிக்கும்
விலை ஏறுகிறதாம்.
கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போவோம்.
காற்றும் எஞ்சினும் மாறி மாறிக் கத்தும்.
நான் ஏதாவது சொல்வேன்.
"என்ன?"
"ஒன்றுமில்லை."
பதினெட்டு வருடம்
இந்த இரண்டு சொற்களை வைத்தே ஓட்டிவிட்டோம்.

போன ஆகஸ்டில், சிக்னலில்,
அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.
பின்னால் நின்ற ஐஸ் லாரிக்காரர்தான்
இறங்கி வந்து தலையில் தண்ணீர் ஊற்றினார்.
மறுநாள் காலை
என் டூல் பாக்ஸின் மேல் கார் சாவி கிடந்தது.
சீட்டு கிட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.

பழைய கம்ப்ரசர், சினை ஆட்டின் கனம்.
கண்டென்சரை எஞ்சின் மூடியில் பொருத்தியிருந்தார்கள்:
சூட்டை ஆற்ற வேண்டியதைக் கொண்டுபோய்
அடுப்பின் மேல் வைத்தது போல.
நான் இன்னொன்றைப் பின்சக்கர வளைவுக்குள்
விசிறியோடு ஒளித்து வைத்தேன்.

ரப்பர் குழாய்கள்
காரின் வயிற்றடியில் பின்னிருந்து முன்வரை.
வெட்டிப் பார்த்தேன்.
வெடிப்பு இல்லை, ஓட்டை இல்லை.
ஆனாலும் வாயு வெளியேறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது,
கொஞ்சம் கொஞ்சமாக, சுவர் வழியாகவே.
யார் மேலும் தப்பில்லை. அந்தக் கால ரப்பர் அப்படி.
புதுக் குழாய்க்கு உள்ளே நைலானில் இன்னொரு தோல் உண்டு.

பச்சை ஓ-ரிங்குகள், ஆளுக்கொரு சொட்டு எண்ணெய்.
உடம்பில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை.
கழற்றியதையெல்லாம் பெயர் எழுதிப் பெட்டியில் கட்டினேன்,
எப்போதாவது விற்க மனம் வந்தால்
அவன் ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

வாயு ஏற்றுமுன் உள்ளே வெற்றிடம் வேண்டும்.
முக்கால் மணி நேரம் பம்ப் உறிஞ்சியது.
நிறுத்தினேன்.
அதற்குப் பிறகு வேலை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
"என்ன பார்க்கிறாய், லோரேனா?"
"எதுவும் நடக்காததை."
"எவ்வளவு நேரம்?"
"அரை மணி."
எழுந்து போவான் என்று நினைத்தேன்.
இருந்தான்.
முள் அசையவில்லை.

கேட்ஸ் கணவாய்ப் பக்கம் எடுத்துப் போனோம்.
சகுவாரோ கள்ளிகள் கையைத் தூக்கியபடி வெந்துகொண்டிருந்தன.
"வெளியே நாற்பத்தொன்று" என்றான்.
லேவார்டனிலிருந்து வந்து முப்பது வருடமாகியும்
அவனுக்கு வெயில் செல்சியஸில்தான் சுடும்.
காற்றுத்துளையில் செருகியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து
"உள்ளேயும் நாற்பத்தொன்று" என்றேன்.
என்னுடையது ஃபாரன்ஹீட்.
இரண்டும் சரி.

கண்ணாடிகளை ஏற்றினோம்.
எஞ்சின் அடுத்த வீட்டுக்குக் குடிபோனது போலிருந்தது.
சீட்டின் தோல் முனகுவது கேட்டது,
சாவிக்கொத்து ஆடுவது கேட்டது,
அப்புறம் இன்னொன்று.
ஏதோ ரேடியோ கோளாறு என்று குனிந்தேன்.
இந்தக் காரில் ரேடியோ கிடையாது.

கெரிட்தான். மூக்கால் ஒரு மெட்டு.
ஒவ்வொரு வளைவிலும் சுருதி சாலையை விட்டு இறங்கியது.
பதினெட்டு வருட ஞாயிறுகளிலும்
பாடிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினேன்.
"என்ன?" என்றான்.
"குளிர்கிறது" என்றேன்.